மே மாதம் சிங்கப்பூர்: டிக்கெட்டை இப்போதே போடவா, டெபாசிட் முதிரும் வரை பொறுக்கவா?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம். மே மாதப் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரில் உள்ள நாத்தனார் வீட்டுக்குப் பத்து நாள் போய்வர ஆசை. நான், கணவர், 14 மற்றும் 10 வயதில் இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். இப்போது ஜனவரி. திருச்சியிலிருந்து போய்வர ஆளுக்கு 24,000 ரூபாய் காட்டுகிறது. கையில் இருப்பது 1.5 லட்சம் ரூபாய் ஃபிக்சட் டெபாசிட் மட்டும்தான். ஓராண்டு டெபாசிட், 7 சதவீத வட்டி, ஏப்ரலில் முதிர்கிறது. அதுவரை பொறுத்தால் விலை இறங்குமா? இல்லை, நகையை அடகு வைத்து இப்போதே போட்டுவிடலாமா?

பதில்: ஜனவரி முடிவதற்குள் போட்டுவிடுங்கள். நகையைத் தொட வேண்டாம். டெபாசிட்டை உடைக்கவும் வேண்டாம்.

முதலில் கணக்கு. ஒன்பது மாதத்தில் டெபாசிட்டை உடைத்தால் வங்கி 7 சதவீதம் தராது. ஒன்பது மாதத்துக்கு உரிய வட்டி, உதாரணமாக 6 சதவீதம், அதில் 1 சதவீதம் அபராதம் போக 5 சதவீதம்தான் கிடைக்கும். அதாவது சுமார் 5,625 ரூபாய். ஓராண்டு முழுவதும் விட்டுவைத்தால் 10,500 ரூபாய். வித்தியாசம் 4,875.

அதற்குப் பதிலாக அந்த டெபாசிட்டின் மேலேயே கடன் கேளுங்கள். பெரும்பாலான வங்கிகள் 90 சதவீதம் வரை, அதாவது 1.35 லட்சம் வரை தரும். டெபாசிட் வட்டிக்கு மேல் 1 முதல் 2 சதவீதம் கூடுதலாக வாங்கும். 9 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டிக்கெட்டுக்கு 1.2 லட்சம், மூன்று மாதத்துக்கு வட்டி 2,700 ரூபாய். ஆளுக்கு 540 ரூபாய். டெபாசிட் முதிரும்போது கடன் அதிலேயே கழிந்துவிடும்.

உங்கள் முடிவு இந்த 540 ரூபாயில்தான் இருக்கிறது. ஏப்ரல் வரை பொறுத்து, டிக்கெட் ஆளுக்கு 540 ரூபாய்க்கு மேல் ஏறினால் பொறுத்தது நஷ்டம். மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் டிக்கெட் தேடினால் ஏற்றம் சில நூறு ரூபாயில் நிற்பது அரிது. விலை இறங்கவும் கூடும்தான். ஆனால் பள்ளி விடுமுறையில் ஐந்து பேர் சேர்ந்து போகும்போது தேதியை நகர்த்த இடமில்லை. இறங்கினால் கிடைக்கும் லாபத்தைவிட ஏறினால் வரும் அடி பெரியது.

விலை ஏன் ஏறுகிறது என்று தெரிந்தால் தேடும் முறையும் மாறும். ஒரே எகானமி வகுப்பு சீட்டுகளையே விமான நிறுவனம் பல விலைப் படிகளாகப் பிரித்து விற்கிறது. கீழ்ப்படியில் மூன்று சீட்டுதான் மிச்சம் என்றால், ஐந்து பேருக்குத் தேடும்போது ஐந்து பேருக்குமே மேல்படி விலை காட்டும். ஆகவே முதலில் ஒருவருக்கு, பிறகு மூவருக்கு, கடைசியில் ஐவருக்கு என்று தேடிப் பாருங்கள். விலை மாறினால் மூன்று, இரண்டு என இரு தனி முன்பதிவாக, அதாவது இரு பிஎன்ஆராகப் போடுங்கள். பத்து வயதுப் பிள்ளை பெரியவர் ஒருவரோடு ஒரே பிஎன்ஆரில் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் மலிவு, பிரவுசரின் இன்காக்னிடோ முறையில் தேடினால் மலிவு என்பதையெல்லாம் நம்பிக் கண்விழிக்காதீர்கள். கூகுள் ஃப்ளைட்ஸில் உங்கள் தேதிக்கு விலை அலர்ட் வைத்தால் போதும்.

திரும்பும் தேதியில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். மே கடைசியில் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கி ஜூன் முழுக்க நீள்கிறது. அங்கிருக்கும் நம்மவர்கள் பிள்ளைகளோடு ஊருக்குக் கிளம்பும் நேரம் அது. நீங்கள் திரும்பி வரும் அதே திருச்சி விமானத்தில்தான் அவர்களும் ஏறுவார்கள். மே 5 வாக்கில் போய் 15 வாக்கில் திரும்புவதும், 20 போய் 30 திரும்புவதும் ஒரே விலையில் அமையாது. மே முதல் பாதியில், வார நடுவில் தேதி வையுங்கள்.

திரையில் காட்டும் 24,000 முழு விலையா என்று பாருங்கள். ஸ்கூட் போன்ற மலிவு விமான நிறுவனங்களின் அடிப்படைக் கட்டணத்தில் செக்-இன் பெட்டி அடங்காது. ஆளுக்கு 20 கிலோ சேர்த்தபின் வரும் தொகையை, பெட்டியோடு விற்கும் நிறுவனத்தின் விலையோடு ஒப்பிடுங்கள். பெட்டியை டிக்கெட்டோடே வாங்கிவிடுங்கள், ஏர்போர்ட்டில் வாங்கினால் விலை கூடும். சென்னையிலிருந்து மலிவாகத் தெரிந்தாலும் ஐந்து பேருக்கு ரயில், ஆட்டோ, நேரம் ஒத்துவராவிட்டால் ஓர் இரவு அறை என்று கூட்டிப் பாருங்கள். புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கு ஒரே கார் போதும்.

பணம் கட்டும் பக்கத்தில் தொகை சிங்கப்பூர் டாலரில் இருந்தால் நிறுத்துங்கள். இந்திய கார்டுக்கு 3.5 சதவீத மார்க்கப் (வெளிநாட்டுப் பணத்தில் கட்டுவதற்கான வங்கிக் கட்டணம்), அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் 1.2 லட்சத்துக்கு 4,956 ரூபாய் வீண். தளத்தில் நாட்டை இந்தியா என்று மாற்றி ரூபாயில் கட்டுங்கள். டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கினால் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) கிடையாது. டிக்கெட்டும் ஹோட்டலும் சேர்ந்த பேக்கேஜாக ஏஜென்ட்டிடம் வாங்கினால் அது பிடிக்கப்படும். வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்றாலும், அதுவரை உங்கள் பணம் அங்கே முடங்கிக் கிடக்கும்.

விசா டிக்கெட்டுக்குப் பின்னால்தான் வரும். சிங்கப்பூர் விசாவுக்குப் பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், திரும்பக் கிடைக்காது. நாத்தனார் அந்நாட்டுக் குடிமகளோ நிரந்தரவாசியோ என்றால் சிங்பாஸ் என்ற அந்நாட்டு அரசின் இணைய அடையாளக் கணக்கு வழியாக அவரே விண்ணப்பிக்கலாம். இந்த இடைவெளிக்காகவே டிக்கெட் போடுமுன் ரத்துக் கட்டணத்தையும் தேதி மாற்றும் கட்டணத்தையும் படித்துவிடுங்கள். பயணம் ரத்தானால் எவ்வளவு போகும் என்பது அப்போதே தெரிய வேண்டும். ஐந்து பாஸ்போர்ட்டுக்கும் போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும்.

மாமியாரின் பாஸ்போர்ட்டை எடுத்து சர்நேம் (குடும்பப் பெயர்) கட்டத்தைப் பாருங்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் காலியாக இருக்கும். டிக்கெட் படிவமோ அதை நிரப்பாமல் நகராது. சில நிறுவனங்கள் இருக்கும் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன, சில எல்என்யூ (கடைசிப் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்கின்றன. அந்த நிறுவனத்தின் தளத்தில் விதியைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். கணவர் பெயரைக் கைப்போக்கில் சேர்த்துவிடாதீர்கள். பெயர் மாறினால் செக்-இன்னில் நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் ஐந்து பெயரையும் பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இந்திய நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகப் போட்டிருந்தால், பயணம் இவ்வளவு தள்ளி இருக்கும்போது, முதல் 24 மணி நேரத்துக்குள் ரத்துக் கட்டணமின்றி ரத்து செய்து சரியான பெயரில் மறுபடி போடலாம். அதே நேரத்தில் மாமியாருக்குச் சக்கர நாற்காலி தேவையென்றால் அதையும் பதிந்துவிடுங்கள், பொதுவாக அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.