டாக்டரைக் கேளுங்கள்: ஸ்டென்ட் ஸ்டிக்கர்

கேள்வி: மாமனாருக்கு வேலூரில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கர் உரிந்து வருகிறது. அது தேவையா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: கட்டாயம் தேவை, அம்மா. ஸ்டென்ட் என்பது அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய். அதன் பெயர், கம்பெனி, லாட் நம்பர் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், பேட்ச் நம்பர் என்றும் சொல்வார்கள்), காலாவதி தேதி, அளவு எல்லாம் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கின்றன. 2.75 x 28 என்று போட்டிருந்தால் விட்டம் 2.75 மி.மீ., நீளம் 28 மி.மீ. இன்றே போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு ஜெராக்ஸை மாத்திரைச் சீட்டோடு வையுங்கள். தொலைந்தே போனாலும் பில்லைப் பாருங்கள். 2017-ல் ஸ்டென்ட்டுக்கு விலை உச்சவரம்பு வந்தபோதே, பிராண்டு, கம்பெனி, பேட்ச் நம்பரோடு அதைத் தனியாக பில் போட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

எந்த ஸ்டென்ட் என்று பின்னாலும் தெரிய வேண்டியதற்குக் காரணம் உண்டு. புது ஸ்டென்ட்டைச் சோதிக்கும் ஆய்வுகளில் கிட்னி பழுதானவர்கள், தள்ளாத வயதுக்காரர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். அபூர்வமான கோளாறு, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வைத்து வருடக்கணக்கில் கவனித்தால்தான் வெளியே வரும். தானாகக் கரையும் அப்சார்ப் ஸ்டென்ட்டுக்கு 2016-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. உலோக ஸ்டென்ட்டைவிட அதில் ரத்தம் உறைவது அதிகம் என்று தொடர் கண்காணிப்பில் தெரிந்தது. 2017-ல் விற்பனை நின்றது.

கேள்வி: ஸ்டென்ட் வைத்த பிறகும் நெஞ்சுவலி வந்தால் ஸ்டென்ட்தான் கோளாறா?
- வாசகர், ஆரணி

பதில்: நடந்தால், படி ஏறினால் வலி வந்து, சில மாதங்களில் மெல்லக் கூடுகிறதென்றால் உள்ளே சதை வளர்ந்து அடைத்திருக்கலாம். டாக்டரைப் பார்த்து ஆஞ்சியோ தேவையா என்று கேளுங்கள். திடீரென்று வியர்த்துக்கொட்டி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே 108.

உறைந்ததற்குக் காரணம் பொருளின் குறையாக இருக்கலாம். வைக்கும்போது ஸ்டென்ட் முழுதாக விரியாமல் ரத்தக்குழாய்ச் சுவரோடு ஒட்டாமல் போயிருக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளை இடையில் விட்டதாகவும் இருக்கலாம். கடைசிக் காரணம் நம் கையில் இருக்கிறது. மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக 12 மாதம் இரண்டு மாத்திரையும் உண்டு. பல் பிடுங்குவதற்காக என்றாலும், இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஸ்டென்ட்டில் சந்தேகம் என்றால் யாரிடம் சொல்வது?
- வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற தேசியத் திட்டம் நடக்கிறது, காசியாபாத்தில் உள்ள இந்திய பார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. டாக்டர் மட்டுமல்ல, நோயாளியும் தெரிவிக்கலாம். இலவச எண் 1800-180-3024. ஸ்டென்ட் வைத்த தேதி, பாதிப்பு வந்த தேதி, அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகள், லாட் நம்பர் நான்கையும் சொல்லுங்கள். லாட் நம்பர் இல்லாவிட்டால், அதே லாட்டில் வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்று தேட வழியில்லை.