எவர்சில்வர் மூடியும் ஏழு மணி வேனும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாலைந்து வருடமாக உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். உரக்கடை வைத்திருக்கிறேன், கொஞ்சம் நிலமும் உண்டு.

என் மகனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. இரண்டு வயதில் நாலைந்து வார்த்தை பேசினான், பிறகு அதுவும் நின்றுபோனது. தஞ்சாவூரில் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, இது ஆட்டிசம் என்றார்கள். டவுனில் ஒரு தனியார் பள்ளியில் யூகேஜி வரை போனான். ஏப்ரலில் எங்களைக் கூப்பிட்டு, "ஒண்ணாம் வகுப்புல வச்சுக்க முடியாதுங்க, மத்த பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது வீட்டில் மூன்று பேச்சு ஓடுகிறது. தஞ்சாவூரில் ஒரு சிறப்புப் பள்ளி இருக்கிறது. வேன் காலை ஏழு மணிக்கு வந்து ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் ஐந்தரைக்குக் கொண்டுவந்து விடும். என் அண்ணன், நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்கு வா, ஸ்டெம் செல் என்று ஏதோ வைத்தியம் இருக்கிறது, அங்கேயே பள்ளியும் பார்க்கலாம் என்கிறார். மூன்றாவது, எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மொத்தம் 26 பிள்ளைகள், இரண்டு டீச்சர். தலைமையாசிரியை, "கொண்டாந்து விடுங்க, பாத்துக்கலாம்" என்றார். அந்த "பாத்துக்கலாம்" என்பதை நம்பலாமா என்று தெரியவில்லை.

சிறப்புப் பள்ளி என்றாலே என் மனைவி அழுகிறாள். பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களாம். அதனால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்கூட இன்னும் வாங்கவில்லை. அம்மா, சீர்காழி திருக்கோலக்காவுக்குக் கூட்டிப்போய்த் தேன் வைத்து வேண்டிக்கொண்டால் பேச்சு வந்துவிடும் என்கிறார்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அவன் கையில் எப்போதும் ஓர் எவர்சில்வர் டப்பா மூடி இருக்கும். தரையில் சுழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். பள்ளிக்குப் போகிற பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்கத்தான் வேண்டுமா? தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நான் டாக்டரும் இல்லை, வாத்தியாரும் இல்லை. என் அக்கா மகன் உங்கள் பிள்ளை மாதிரிதான். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் வளர்ந்தான், இப்போது முப்பதைத் தாண்டிவிட்டான். அவனுக்குப் பள்ளி தேடி நாங்கள் அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். டாக்டர் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் முரண் வந்தால் டாக்டர் பக்கம் போய்விடுங்கள்.

என் ஓட்டு உங்கள் ஊர்ப் பள்ளிக்கு. ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும். பள்ளி என்ன, தாலி கட்டுகிற காரியமா? அடுத்த மே மாதம் மறுபடி உட்கார்ந்து யோசியுங்கள். இந்த ஒரு வருடத்தில் அவனுக்கு என்ன வர வேண்டும்? ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்கார வேண்டும், ஒன்றுக்கு வந்தால் காட்டத் தெரிய வேண்டும், மற்ற பிள்ளைகள் நடுவில் பயமில்லாமல் இருக்க வேண்டும். இதைக் கொடுக்கிற இடம் எதுவோ அதுதான் இந்த வருடத்துப் பள்ளி. பத்தாம் வகுப்புப் பரீட்சையை அப்போதே நினைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் எல்லோரும் ராத்தூக்கம் கெட்டோம், அவன் ஒருவன்தான் நன்றாகத் தூங்கினான்.

வேன் விஷயத்துக்கு வருகிறேன். சிறப்புப் பள்ளியின் வாசலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேனின் உள்ளே ஏறிப் பார்த்தீர்களா? ஒரு நாள் அதில் நீங்களே உட்கார்ந்து போய்வாருங்கள். ஏழு மணிக்கு ஏறினால் ஊர் ஊராக நிறுத்தி ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட் போட்டுவிட்டால் முன்னாலும் பின்னாலும் நிற்கிற பஸ்களின் ஹாரன். சத்தம் தாங்காமல் காதைப் பொத்துகிற பிள்ளை போகவர மூன்று மணி நேரம் அதில் இருந்தால், பள்ளியில் போய் இறங்கும்போது அவனிடம் என்ன மிச்சம் இருக்கும்? அங்கே எவ்வளவு நல்ல டீச்சர் இருந்தாலும் களைத்துப்போன பிள்ளைதான் அவர் கைக்குக் கிடைக்கும்.

தூரத்தின் விலையை நாங்கள் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டோம். அக்கா மகனுக்கு எட்டு வயதில், வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளி நல்ல பள்ளி என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோய் விட்டோம். பெயர் வேண்டாம். ஏழு மாதம் இருந்தான். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நேரே கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். யாராவது கிட்டே போனால் தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவன் பெட்டியைத் திருப்பி எடுத்துவர என் அத்தான் மட்டும் போய்வந்தார். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது, அவனுக்குச் சொல்லவும் தெரியாது. இந்த வயதில், வாய் திறந்து சொல்லத் தெரியாத பிள்ளையை, நினைத்தவுடன் போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் விடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

அப்புறம் அவனை ஊர்ப் பள்ளியில் சேர்த்தோம். வகுப்பில் உட்கார மாட்டான். சத்துணவுக் கூடத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவான். அங்கே ஆயா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும். இவனும் பொறுக்க ஆரம்பித்தான். அவன் கண்ணுக்கு ஒரு கல் தப்பாது. ஆயா சும்மா இல்லாமல் அவன் பொறுக்கிய கல்லை ஒண்ணு, ரெண்டு என்று சத்தமாக எண்ணிப் படியில் வரிசையாக வைத்தது. ஒரு மாதம் கழித்து டீச்சர் அந்தப் பக்கம் வந்தபோது பையன் தானே விரலை வைத்து நாற்பது வரை நகர்த்திக்கொண்டிருந்தான். மறுநாள் அந்த டீச்சர் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கே வந்துவிட்டார். அவனுக்கு எண் வந்தது அப்படித்தான்.

ஆகவே "பாத்துக்கலாம்" என்று சொன்ன அம்மாவைப் போய் இன்னொரு தடவை பாருங்கள். சேர்க்கை பற்றிப் பேசாமல், அவன் அழுது புரண்டால் என்ன செய்வீர்கள் டீச்சர் என்று மட்டும் கேளுங்கள். "அதெல்லாம் அழ மாட்டான்" என்று சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "வெளியே கூட்டிப்போய் மரத்தடியில் உட்கார வைப்பேன், உங்களுக்கு போன் பண்ணுவேன்" என்றால் சேர்த்துவிடலாம். கழிப்பறையைப் பாருங்கள், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பள்ளிக்குப் பின்னால் வாய்க்காலோ குளமோ இருக்கிறதா, கேட் பூட்டுவார்களா என்றும் பாருங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் தண்ணீரைக் கண்டால் நேரே போவார்கள், நம் ஊரிலோ திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர். இன்னொன்று, 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் பள்ளித் தீயில் போன பிறகு, எந்தப் பள்ளிக்குப் போனாலும் என் கண் முதலில் மாடிப்படியைத்தான் தேடும். ஏதாவது ஆபத்து என்று எல்லோரும் ஓடும்போது, காதைப் பொத்திக்கொண்டு மூலையில் குந்திவிடுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியவர் யார் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மொத்தம் 26 பிள்ளைகள் என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு லாபமாகத்தான் படுகிறது. அறுபது பிள்ளைகள் கத்துகிற அறையை விட இது அவனுக்கு நல்லது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' என்று ஒரு திட்டம் நடக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அட்டை, ஆட்டம், பாட்டு என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஒரே வகுப்பில் ஒருவன் மலராகவும் ஒருவன் அரும்பாகவும் இருக்கலாம், யாருக்கும் வெட்கமில்லை. உங்கள் பையனுக்காகச் செய்ததில்லை, ஆனாலும் அவனுக்குப் பொருந்துகிறது.

ஆனால் அந்த இரண்டு டீச்சர்களால் மட்டும் முடியாது. கல்வித் துறையின் நீடாமங்கலம் வட்டார வள மையத்துக்குப் போய் அவன் பெயரைப் பதிவு செய்யுங்கள். சிறப்பாசிரியர்கள் அந்த மையத்தின் பொறுப்பில்தான் பள்ளி பள்ளியாகப் போய்வருவார்கள். ஒருவருக்குப் பல பள்ளிகள், அதனால் வாரம் ஒரு தடவை வந்தாலே அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற அன்று உங்கள் மனைவியும் பள்ளியில் இருக்கட்டும், அவர் செய்வதைப் பார்த்து வீட்டில் தினமும் செய்யலாம். போக்குவரத்துப் படி, கூட வருகிறவருக்கான படி எல்லாம் உண்டு, கேட்டால்தான் வரும். பேச்சுப் பயிற்சிக்குத் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். வாரத்தில் ஒரு நாள் ரயிலில் கூட்டிப்போங்கள். வேனுக்கு அழுகிற பிள்ளைகள் ரயிலுக்கு அழுவதில்லை, ஏன் என்று எனக்கு இன்னும் புரிந்தபாடில்லை.

தஞ்சாவூர்ச் சிறப்புப் பள்ளியை நான் மட்டம் தட்டவில்லை. ஒரு நாள் லீவு போட்டு அங்கேயும் போங்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்களா என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு வருடம் கழித்து ஊர்ப் பள்ளியில் அவன் ஓரமாக உட்கார்ந்து மூடி சுற்றுவதோடு சரி என்று தெரிந்தால், தயங்காமல் மாற்றிவிடுங்கள். இதைப் படிக்கிற வேறு பெற்றோருக்காகவும் ஒன்று: காது கேளாத பிள்ளைக்கு என் கணக்கு தலைகீழ். சைகை மொழி தெரிந்த நாலு பேர் நடுவில் அது வளர வேண்டும். தஞ்சாவூரில் செவித்திறன் குறைந்தவர்களுக்கும் பார்வைத்திறன் குறைந்தவர்களுக்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன, அதற்குத் தூரத்தைப் பார்க்க வேண்டாம்.

சான்றிதழ் பற்றி உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முத்திரையைத் தெருக்காரர்கள் எப்போதோ குத்தியாயிற்று, தாயி. டாக்டர் குத்துகிற முத்திரையாவது நமக்குப் பயன்படட்டும். என் அக்கா மகன் வளர்ந்த காலத்தில் இருந்தது மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம், அதில் ஆட்டிசம் என்ற பேச்சே கிடையாது. எந்த ஆபீசுக்குப் போனாலும் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, ஆட்டிசம் அதில் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கிற உரிமையும் அவனுக்கு உண்டு. பின்னால் பொதுத்தேர்வு வரை போனால் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் என்று சலுகைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம் வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்?

வெளியே அனுப்பிய தனியார் பள்ளி செய்தது தப்பு. அங்கீகாரம் பெற்ற பள்ளி குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையை ஒதுக்கக் கூடாது என்பது அதே சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். விசாரணையில் அவருக்குச் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. கொடுங்கள், அடுத்த பிள்ளைக்கு ஆகும். ஆனால் ஜெயித்தாலும் பையனை அங்கே திருப்பி விடாதீர்கள். அவனை வேண்டாம் என்றவர்கள் கையில் எதற்கு?

நிலத்தை விற்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்பது நிரூபிக்கப்பட்ட வைத்தியமே இல்லை. சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசுடையது. ஒரு தடவை காட்டி, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கி வந்துவிடலாம். குடி போக வேண்டியதில்லை. உங்கள் தெருவில் அவன் வழி தவறினால் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட இருபது பேர் இருப்பார்கள், அங்கே நாலாவது மாடியில் யார் இருப்பார்கள்?

அம்மாவோடு திருக்கோலக்காவுக்குப் போய்வாருங்கள். எனக்கும் அந்தக் கோவில் பிடிக்கும். சம்பந்தர் கை வலிக்கத் தாளம் போடுவதைப் பார்த்து ஈசன் பொற்றாளம் கொடுத்தார், ஆனால் அது ஒலிக்கவில்லை. ஓசையைக் கொடுத்தது அம்பாள், அதனால்தான் அவள் பெயர் ஓசை கொடுத்த நாயகி. சாமி விஷயத்திலேயே தாளம் ஒரு கை, ஓசை ஒரு கை என்று இரண்டு பேர் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடமே பேச்சையும் கொண்டுவந்துவிடும் என்று நாம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். கூட்டம் இல்லாத வேளையாகப் போங்கள்.

பள்ளி திறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத பள்ளிக்கு அவனை நடத்திக் கூட்டிப்போங்கள். வாசல், குழாயடி, அவன் உட்காரப்போகிற இடம். இன்னும் இரண்டு நாள் போங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை லீவு விடுவார்கள், அது இப்போதே ஞாபகத்தில் இருக்கட்டும். எங்கள் பையன் பையை மாட்டிக்கொண்டு திண்ணையில் மழையைப் பார்த்து மத்தியானம் வரை நிற்பான், அந்தப் பக்கம் யார் போனாலும் கத்துவான். கடைசியில் அக்கா ஒரு காலண்டரில் லீவு நாளுக்கெல்லாம் குடைப் படம் வரைய ஆரம்பித்தாள். குடையைக் காட்டினால் பையைக் கழற்றிவிடுவான்.

மூடியைப் பிடுங்காதீர்கள். டீச்சரிடம் பேசி வகுப்பு நேரத்தில் அது அவர் மேசை மேல் அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும், இன்டர்வெல் மணி அடித்ததும் கையில் கொடுத்துவிடட்டும். சிமென்ட் தரையில் சுழன்றால் சத்தம் கேட்கும், ஒரு சாக்கைக் கொடுத்துவிடுங்கள், அதன் மேல் சுற்றட்டும். அந்த டப்பா வாங்கிய பாத்திரக்கடைக்கே போய் அதே அளவில், அதே விளிம்பில் இன்னும் இரண்டு வாங்கி ஒளித்து வையுங்கள். என்றைக்காவது தொலையும்.