கடல் தேங்காய் வாங்கி நடலாமா?

கேள்வி: தென்னந்தோப்பு ஓரமா கடல் தேங்காய் (இரட்டைத் தேங்காய்) வைக்க ஆசை. ஆன்லைன்ல ஒரு கொட்டை 18,000 ரூவா, 5 வருஷத்துல காய்க்கும்ங்கறாங்க. போட்டோ அனுப்பிருக்கேன், வாங்கலாமா?

பதில்: வணக்கம்ண்ணே, பணம் இன்னும் போடலைல்ல? போடாதீங்க. 5 வருஷத்துல காய்ப்புங்கறது சுத்தப் பொய். இந்த மரம் பூக்கவே 25 வருஷத்துக்கு மேல ஆகும், பூத்துப் புடிச்ச காய் முத்தறதுக்கு மட்டும் 6, 7 வருஷம்.

பேருக்குத் தான் தேங்காய், உண்மையில நம்ம பனைக்குத் தான் இது பங்காளி. சொந்த மண்ணு இந்தியப் பெருங்கடல்ல இருக்கற செஷல்ஸ் நாட்டுல ப்ராஸ்லின், க்யூரியூஸ்னு ரெண்டே தீவு, வேற எங்கயும் தானா வளர்றதில்ல, அந்தப் பேரினத்துல இருக்கறதும் இந்த ஒரே இனம் தான். அங்க மண்ணுல சத்தே கம்மி, ஆனா மழை பெய்யும்போது மட்டை வாய்க்கால் மாதிரி தண்ணியோட மகரந்தம் சருகு எல்லாத்தையும் அடிமரத்துக்கே இழுத்துட்டு வந்து போட்டுக்கும், தனக்குத்தானே உரம் வச்சுக்கற மரம்ணே, நெனச்சாலே ஆச்சரியமா இருக்கும்.

பனங்கொட்டையப் புதைச்சா முளை வெளிய வந்து கீழ இறங்கிக் கிழங்காகுதுல்ல, இதுவும் அதே வழி தான், ஆனா இதுல ரெண்டு புடைப்புக்கும் நடுவுலருந்து கயிறு கணக்கா ஒண்ணு கெளம்பி மண்ணுக்கடியிலயே சில மீட்டர் தள்ளிப் போய் அங்க தான் செடி எழும்பும், முளைக்கவே சிலது ஒரு வருஷம் தாண்டும், அதுவரைக்கும் கொட்டை காயவே கூடாது. உங்க போட்டோவுல கொட்டை பாலிஷ் போட்டு கருகருன்னு மின்னுது, சுத்தி அறுத்து ஒட்டின கோடு தெரியுது பாருங்க, பருப்ப எடுத்துட்டு அழகுக்கு விக்கற வெறும் ஓடு அது. நாட்டு மருந்துக் கடையில கிடைக்கற காஞ்ச பருப்பும் முளைக்காது. உசுருள்ள கொட்டைய செஷல்ஸ் அரசாங்க பர்மிட் இல்லாம வெளிய எடுக்கவே முடியாது, அதனால அந்த பர்மிட் இல்லாம யார் குடுத்தாலும் கை வைக்காதீங்க.

அப்படியே முளைச்சாலும் பனை மாதிரி ஆண் தனி பெண் தனி, பூக்கற வரைக்கும் தெரியாது. கொல்கத்தா பக்கத்துல ஹவுரா தாவரவியல் பூங்காவுல 1894ல நட்டது ஒண்ணு, பெண் மரம், பக்கத்துல ஆண் இல்லாததால வெளிநாட்டுலருந்து மகரந்தம் கொண்டாந்து கையால சேர்த்து தான் காய் புடிக்க வச்சாங்க.

ஓரத்துக்கு மரம் வேணும்னா ஆவணி, புரட்டாசியில விழற பனம்பழத்தப் பொறுக்கி 10 அடிக்கு ஒண்ணா புதைங்கண்ணே, காசு செலவே இல்ல.