கேள்வி பதில்: ‘சைன்’ என்றால் கையெழுத்தா?

டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணி அடித்ததும் டி.வி.யில் வெள்ளைக்காரர்கள் கைகோத்துக்கொண்டு ‘ஆல்ட் லாங் சைன்’ என்று பாடுகிறார்களே, அதில் வரும் சைன் கையெழுத்தா, அடையாளமா? என் மகன் கேட்டான், சொல்லத் தெரியவில்லை.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

இரண்டும் இல்லை. அது ஸ்காட்ஸ் மொழி, ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளில் பேசுவது, ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பு. ஆல்ட் என்றால் பழைய, லாங் என்றால் நெடுநாள், சைன் என்றால் முன்பு. சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘பழைய நெடுநாள் முன்பு’ என்று வரும், அது தமிழே இல்லை. ‘மலரும் நினைவுகள்’ என்று பத்திரிகைகளில் போடுகிறோமே, அதுவும் சரிவராது, ஏனென்றால் அது எழுத்தில் மட்டும் வாழ்கிற சொல், லாங்சைன் வீட்டுப் பேச்சில் புழங்கியது. பாட்டி ‘அந்தக் காலத்துல...’ என்று ஆரம்பித்துவிட்டு, மேலே சொல்லாமல் ஒரு நிமிஷம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்த ‘அந்தக் காலத்துல’தான் எனக்குத் தெரிந்து இதற்குப் பக்கத்தில் வரும் தமிழ். ஆங்கிலேயர்களிலேயே பலர் ‘ஜைன்’ மாதிரி இழுத்துப் பாடுகிறார்கள், அது தப்பு. மகனிடம் ‘சைன்’ என்றே சொல்லச் சொல்லுங்கள்.

இந்தப் பாட்டை எழுதியது ராபர்ட் பர்ன்ஸ்தானா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பாதி. ஸ்காட்லாந்துக் கவிஞரான பர்ன்ஸே முழு உரிமை கொண்டாடவில்லை. 1788 டிசம்பரில் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல்லை வியந்துவிட்டு, மனசை உலுக்கிய பழைய பாட்டு என்று இதை எழுதி அனுப்புகிறார். 1793-இல் ஒரு பதிப்பாளரிடம், ஒரு கிழவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டேன் என்கிறார். ஆனால் ‘பழைய நட்பை மறக்கலாமா’ என்ற அதே கேள்வியோடு தொடங்கும் வேறொரு பாட்டு 1711-லேயே எடின்பரோவில் அச்சாகியிருக்கிறது. அது காதலியிடம் குறைப்பட்டுக்கொள்ளும் பாட்டு. பர்ன்ஸ் கொடுத்தது நண்பர்களின் பாட்டு, அது 1796-இல் அவர் 37 வயதில் இறந்த பிறகுதான் அச்சில் வந்தது. இன்று நாம் கேட்கும் மெட்டோடு சேர்ந்தது 1799-இல்.

எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. எல்லாரும் முதல் கண்ணியைப் பாடிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், பாட்டின் உயிர் நடுவில் இருக்கிறது. நாம ரெண்டு பேரும் மலைச்சரிவில் ஓடித் திரிந்து டெய்சிப் பூப் பறித்தோம், அப்புறம் எத்தனையோ நாள் கால் ஓய நடந்தாயிற்று. காலை வெயில் வந்ததிலிருந்து மதியச் சாப்பாட்டு வேளை வரை ஓடைத் தண்ணீரில் அளைந்தோம், ஆனால் அதற்குப் பிறகு நமக்கு நடுவே அகன்ற கடல்கள் இரைந்துவிட்டன. அவ்வளவுதான். புது வருஷம் என்ற பேச்சே அதில் இல்லை. ஊரை விட்டுப்போய் எத்தனையோ வருஷம் கழித்துத் திரும்பிய ஒருவன், கூட விளையாடியவன் எதிரே உட்கார்ந்து பேசுகிற பேச்சு அது.

பாடும்போது கைகளைக் குறுக்கே போட்டுக்கொள்வது ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

‘இந்தா என் கை, உன் கையைக் கொடு’ என்று கடைசிக் கண்ணியில் வருகிறது, அதனால்தான். அந்த இடம் வந்த பிறகுதான் கையைக் குறுக்கே மாற்றிக்கொள்வது ஸ்காட்லாந்து வழக்கம், டி.வி.யில் முதல் வரியிலேயே மாற்றிக்கொண்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. இந்த மெட்டைக் கேட்க ஸ்காட்லாந்து போக வேண்டாம். சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், பயிற்சி முடித்தவர்கள் மெதுநடை போட்டு மைதானத்தை விட்டு வெளியேறும்போது பேண்டில் வாசிப்பது இதைத்தான். அப்போது ஒருவரும் பாடுவதில்லை, மெட்டு மட்டும்தான். பெற்றோர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.