எட்டாத பந்து

அன்புள்ள ஐயா,

டோக்கியோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் அலுவலக நண்பர்களுடன் டோக்கியோ டோமில் பேஸ்பால் ஆட்டம் பார்த்தேன். சதாஹாரு ஓவின் பெயர் சூட்டிய வாசல் வழியாக உள்ளே போனோம். 22 ஆண்டுகள் ஆடி 868 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்தவர், உலகில் வேறு எவரும் அந்த எண்ணை எட்டவில்லை என்று ஜப்பானிய நண்பர் சொன்னார். உடனிருந்த அமெரிக்கர் சிரித்தார். மைதானம் சிறியது, பந்து வீசியவர்கள் இரண்டாம் தரம், அந்தக் கணக்கு செல்லாது என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஜப்பானியரின் சாதனை என்பதால்தான் மேற்குலகம் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரே வேலையை 22 ஆண்டுகள் எப்படிச் செய்கிறார்கள்? எனக்கு இரண்டு ஆண்டிலேயே அலுத்துவிட்டது.

கு.

அன்புள்ள தம்பி,

அமெரிக்க நண்பரின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஓ ஆடிய கொராக்குவென் மைதானம் சிறியதுதான். ஜப்பானில் அன்று ஓர் ஆண்டுக்கு 130, 140 ஆட்டங்கள், அமெரிக்காவில் 162. இதையும் உங்கள் நண்பர் சொல்லியிருக்க வேண்டும், சொல்ல மாட்டார். ஜப்பானில் ஓவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் நொமுரா கட்சுயா 657-இல் நின்றுவிட்டார். அமெரிக்காவில் ஹாங்க் ஆரன் 755, பாரி பாண்ட்ஸ் 762. இரண்டு ஊர்ப் படியால் அளந்த நெல்லை ஒரே களத்தில் கொட்டி எது அதிகம் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ஆரனும் ஓவும் 1974-இல் அதே கொராக்குவெனில் ஹோம் ரன் போட்டி ஒன்றில் மோதினார்கள். ஆரன் 10, ஓ 9. பின்னாளில் இருவரும் சேர்ந்து உலகச் சிறுவர்களுக்கான பேஸ்பால் விழா நடத்தினார்கள். சம்பந்தப்பட்டவர்கள் கைகோத்துக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் இருவரும் மதிய உணவு நேரத்தில் எதற்காக மல்லுக்கட்டுகிறீர்கள்?

அலுப்பைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்குக் கோபம் வருகிறது. 1959-இல் ஓ யோமியுரி ஜயன்ட்ஸ் அணிக்கு வந்தபோது வயது 18. 26 முறை மட்டையோடு வந்து ஒரு ஹிட்டும் (அடித்துவிட்டு ஓடி பேஸை எட்டுவது) இல்லாமல் திரும்பினார். 27-ஆம் முறை அடித்தது ஹோம் ரன். அந்த ஆண்டு முழுவதும் ஏழே ஹோம் ரன்கள், சராசரி 0.161. அவர் பெயரில் உள்ள ‘ஓ’ என்ற சீன எழுத்துக்கு அரசன் என்று பொருள் என்பதால், ‘மூன்று முறையும் அடிக்கத் தவறும் அரசன்’ என்று கூட்டம் ராகம் போட்டுக் கேலி செய்தது. மூன்று ஆண்டுகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1962-இல் பயிற்சியாளர் அராக்கவா ஹிரோஷி அவரை ஒற்றைக் காலில் நின்று அடிக்க வைத்தார். கூரையிலிருந்து தொங்கும் காகிதத்தை வாளால் வெட்டிப் பழகிய கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதப்போவதில்லை. அந்த ஆண்டு 38 ஹோம் ரன். அதிலிருந்து 1974 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் ஹோம் ரன் பட்டம் அவருடையது. உங்களுக்கு இரண்டு ஆண்டில் அலுத்துவிட்டதா? எவரும் உங்களைப் பார்த்துப் பாட்டுப் பாடவில்லையே.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. ‘ஒரு ஜப்பானியரின் சாதனை’ என்று எழுதியிருக்கிறீர்கள். சில வாரங்களாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓ டோக்கியோவில் பிறந்தவர். தாய் ஜப்பானியர். தந்தை சீனாவின் ஜெஜியாங் பகுதியிலிருந்து வந்து, டோக்கியோவின் சுமிதா பகுதியில் சிறு உணவுக்கடை நடத்தி நூடுல்ஸ் விற்றவர். மகனுடையதும் தந்தை வழிக் குடியுரிமைதான்: சீனக் குடியரசு, அதாவது இன்று தைவான் என்று நாம் சொல்லும் நாடு. அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1957 வசந்த காலத்தில், கோஷியெனில் நடக்கும் பள்ளி அணிகளின் தேசியப் போட்டியில், விரல் கொப்புளம் உடைந்து பந்தில் இரத்தம் படிய வீசி வஸேதா ஜிட்சுக்யோ பள்ளியை வெற்றி பெறச் செய்தார். அதே ஆண்டு தேசிய விளையாட்டு விழா வந்தது. அவருடைய பள்ளி போனது. அவரை ஆட விடவில்லை. அந்த விழாவின் பெயர் ‘கொகுமின்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. நாட்டுக் குடிமக்கள் என்று பொருள். நீ குடிமகன் இல்லையே என்று சொல்லிவிட்டார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1977 செப்டம்பர் 3 அன்று, அவர் 756-ஆம் ஹோம் ரன் அடித்து ஆரனின் எண்ணைத் தாண்டினார். இரண்டே நாளில் பிரதமர் ஃபுகுதா புதிதாக ஏற்படுத்திய விருதை முதன்முதலில் அவருக்குக் கொடுத்தார். அந்த விருதின் பெயரும் ‘கொகுமின்’ என்றுதான் தொடங்குகிறது. சொல் அதே சொல். ஒரு தடவை அதைச் சொல்லி வெளியே நிறுத்தினார்கள், ஒரு தடவை அதைச் சொல்லி மாலை போட்டார்கள். அவருடைய கடவுச்சீட்டு இரண்டு முறையும் ஒன்றுதான்.

இனி நான் சொல்ல வந்தது. சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்பாலில் மட்டைக்காரருக்கு எட்டாதபடி நான்கு பந்துகள் வீசினால் அவர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். அடிக்கக் கூடியவரோடு மோதாமல் இருப்பதற்கு அது சட்டம் தரும் வழி. ஓவுக்கு அப்படி 2,390 முறை கொடுத்தார்கள். ஆடியது 2,831 ஆட்டங்கள். ஆறு ஆட்டத்துக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 1974-இல் மட்டும் 130 ஆட்டங்களில் 158. கணக்குப் போட்டால், வாழ்நாளில் குறைந்தது 9,560 பந்துகள் அவர் தொடக்கூடாது என்பது போல வந்திருக்கின்றன. அவர் களத்தில் நின்று காத்ததும் முதல் பேஸைத்தான். தடுக்கும்போது அங்கே நிற்கிறார், அடிக்க விடாதபோதும் அங்கேயே போய் நிற்கிறார். 868-ஐ எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த 2,390-தான் அவருடைய வாழ்க்கை என்று படுகிறது. மட்டையைத் தரையில் வைத்துவிட்டு, முகத்தில் எதுவும் காட்டாமல், நடந்து போகும் ஒரு மனிதர். என்னோடு ஆட மாட்டேன் என்கிறாயா, சரி.

1964-இல் அவர் ஓர் ஆண்டில் 55 ஹோம் ரன் அடித்தார். அந்த எண்ணுக்குப் பின்னால் நடந்ததை உங்கள் ஜப்பானிய நண்பர் சொல்லியிருக்க மாட்டார். 1985-இல் ஹான்ஷின் டைகர்ஸ் அணியின் ராண்டி பாஸ் என்ற அமெரிக்கர் 54-இல் நின்றார். கடைசி ஆட்டம் ஜயன்ட்ஸுக்கு எதிராக, கொராக்குவெனில். ஆடுவதை நிறுத்திவிட்ட ஓ அப்போது ஜயன்ட்ஸின் மேலாளர். பாஸுக்கு நான்கு முறை நான்கு நான்கு பந்துகள் எட்டாமல் வந்தன. இன்னொரு முறை அவர் எட்டி, குறுக்கே மட்டையை நீட்டி, வெளியே போன பந்தை அடித்து ஓடினார். 54-லேயே ஆண்டு முடிந்தது. 2001-இல் கிண்டெட்சு அணியின் டஃபி ரோட்ஸ், அவரும் அமெரிக்கர், 55-ஐத் தொட்டுவிட்டார். அடுத்து ஃபுகுவோகாவின் டையெய் ஹாக்ஸுக்கு எதிராக ஆட்டம். மேலாளர் அதே ஓ. மறுபடியும் எட்டாத பந்துகள். ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து ஓவின் சாதனையை முறியடித்துவிட்டுப் போவதைப் பார்க்கத் தனக்கு விருப்பமில்லை என்று ஹாக்ஸ் பயிற்சியாளர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். லீக் ஆணையர் அது நியாயமில்லை என்று கண்டித்தார். மறு ஆண்டு வெனிசுவேலாவின் அலெக்ஸ் கப்ரேராவும் 55-இல் நின்றார்.

யாருடைய சாதனையை யாரிடமிருந்து காக்கிறார்கள், பாருங்கள். குடிமகன் இல்லை என்று ஒருகாலத்தில் வெளியே நிறுத்திய பையனின் எண்ணை, வெளிநாட்டுக்காரன் தொடக்கூடாதாம்.

ஓ உத்தரவிடவில்லை என்பார்கள். நானும் நம்புகிறேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் ‘உத்தரவிடவில்லை’ என்பதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இதற்கெல்லாம் உத்தரவு எதற்கு? மேலாளர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் பெயரே போதும். வேண்டியிருந்தது வேறோர் உத்தரவு: ‘நேராக வீசுங்கள்’. எட்டாத பந்தை அவரை விட அதிகம் பார்த்தவர் அந்த மைதானத்தில் யார்? எழுந்து நின்று ஒரே ஒரு முறை கத்தியிருக்கலாம். இவ்வளவு நேசிக்கும் மனிதரிடம் எனக்குள்ள ஒரே மனத்தாங்கல் இது. பலமுறை மன்னித்துப் பார்த்தேன், திரும்ப வந்துவிடுகிறது.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோத்தகிரிப் பக்கம் பள்ளியில் படித்தேன். 1976 என்று நினைவு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்பது அரசாங்கம் வைத்த பெயர். நாங்கள் வைத்தது ‘சிலோன்காரன்’. அவர்களில் ஒருவன் நன்றாக மட்டை பிடிப்பான். பள்ளி மைதானத்தில் அதுவரை ஐம்பது எடுத்தவன் எங்கள் தலைவன் ஒருவன்தான். அன்று இவன் 47-இல் இருந்தான். கடைசி ஓவர் என் கையில். தலைவன் தூரத்தில், தேயிலைச் செடிகளின் ஓரமாக நின்றான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை.

நான் வைடு போட்டேன். அடுத்ததும் வைடு. பந்து சரிவில் உருண்டு செடிகளுக்குள் போய்விட்டது. விக்கெட் கீப்பர் எடுக்கப் போகவில்லை. அவனுக்கும் எவரும் சொல்லவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டு சிலோன்காரனே இறங்கிப் போய்த் தேடி எடுத்து வந்தான். பந்து நனைந்திருந்தது. சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்தான். போய் நின்று, நடுக் குச்சிக்கு நேராக மட்டையை வைத்துக் கோடு கேட்டான். நான் மறுபடியும் வைடு போட்டேன். நான்கு முறை அவனே இறங்கினான், நான்கு முறையும் துடைத்துக் கொடுத்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த ஆண்டுக் கடைசியில் அவன் குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனது. அவன் பெயரை இங்கே எழுதும் உரிமை எனக்கு இல்லை.

ஒரு சிறு செய்தி, தமிழ் படித்தவர் என்பதால் சொல்கிறேன். நம் ஓரெழுத்துச் சொற்களில் ‘ஓ’ என்பதற்கு, மதகில் நீரைத் தாங்கி நிற்கும் பலகை என்று பொருள். 1964-இல் 55 என்று போட்ட பலகை 2013 வரை நின்றது. அந்த ஆண்டு குரசாவோ தீவிலிருந்து வந்த விளாதிமிர் பாலன்டீன் யாகுல்ட் அணிக்காக 60 அடித்தார். ஓ அப்போது எந்த அணிக்கும் மேலாளர் இல்லை. 2022-இல் அதே அணியின் முராகாமி 56 அடித்ததும், ஜப்பானில் பிறந்தவர்களில் இதுவே அதிகம் என்று எழுதினார்கள். ‘ஜப்பானில் பிறந்தவர்’: நல்ல சொல், ஓவுக்கும் அதில் இடம் இருக்கிறது.

வேலையை விடலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் அதைத்தான் கேட்கிறீர்கள். ஓ கடைசி ஆண்டில் 30 ஹோம் ரன் அடித்தார், 40 வயது. இது ஓவின் ஆட்டம் இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். உங்களுக்கு இன்னும் முதல் ஹிட்டே விழவில்லை. நான்கு நாள் விடுப்புப் போட்டு ஃபுகுவோகாவுக்கு ரயில் ஏறுங்கள். அங்கே பேஸ்பால் மைதானத்தை ஒட்டி அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அமெரிக்க நண்பரையும் அழைத்துப் போங்கள். டிக்கெட் அவர் செலவு.