அண்ணனின் அரசு வேலையும் தங்கையின் பி.இ. சீட்டும்

மேற்படிப்பு ஆலோசனை கேட்டு சென்ற வாரம் என்னிடம் ஒரு குடும்பம் வந்தது. அம்மா, ப்ளஸ் டூ முடித்த மகள், அவளுடைய அண்ணன், கூடவே சித்தப்பா. பேசியது முழுக்கச் சித்தப்பாதான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசியாகிவிட்டது, இரண்டு லட்சம் முன்பணம் கட்ட வேண்டும், "நீங்க ஒரு வார்த்தை சொன்னா பாப்பா கேட்டுக்கும் சார்" என்றார். அம்மா வாய் திறந்தது ஒரே ஒரு முறை. வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போகிறதாம்.

நான் அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குக் காது கேட்காது. நாங்கள் பேசப் பேச அவள் எல்லாவற்றையும் அவனுக்குச் சைகையில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தன்னைப் பற்றிச் சித்தப்பா அடுக்கிய குறைகளைக்கூட ஒன்று விடாமல்.

வழக்கம்போல "கவலைப்படாதீங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் அதை நிறுத்திவிட்டேன். சரி, இப்போது நேராகவே சொல்கிறேன்: இந்த சீட் வேண்டாம். கணக்கு வரவில்லை என்று மூன்று வருடமாகச் சொல்லும் பெண்ணுக்காக வீட்டை அடகு வைப்பது படிப்புச் செலவு இல்லை, சூதாட்டம். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்துவிட்டான் என்பது ஒரு காரணமே இல்லை.

அண்ணன் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் காது கேளாதவர்களுக்கு. வேலை கிடைத்தது, நல்லது. ஆனால் மாதாந்திரக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று அவனுக்கு மறுநாள்தான் தெரியும், பக்கத்து சீட்காரர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால். அதே சட்டம், ஒவ்வொரு அலுவலகமும் சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்கிறது. நீதிமன்றம் மாற்றுத்திறனாளிக்கு எட்டும்படி இருக்க வேண்டும், தொலைக்காட்சியில் சைகை மொழி வேண்டும் என்றும் சொல்கிறது. கொள்கையை எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். கூட்டத்தில் நின்று கையால் பேச ஆள் வேண்டுமே?

அந்த ஆள்தான் சைகை மொழி இன்டர்பிரெட்டர். 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர் சைகையில் சொன்னதைக் குரலாக்கி நீதிபதிகளிடம் சேர்த்தவர் ஒரு இன்டர்பிரெட்டர். நம் ஊருக்கு வருவோம். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. நாளை காது கேளாத ஒருவர் பேரூராட்சி மன்றத்தில் உட்கார்ந்தால், குடிநீர்த் தீர்மானத்தை அவருக்கு யார் சொல்வது?

பி.இ.க்குப் பதிலாக இந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது அந்த வேலைக்கான படிப்பைத்தான். அதன் பெயர் இந்திய சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமோ, டிஸ்லி என்பார்கள். இரண்டு வருடம். ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சரி. டெல்லியில் ஐஎஸ்எல்ஆர்டிசி என்கிற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம், மும்பையில் அலி யாவர் ஜங் நிறுவனம், இரண்டும் மத்திய அரசு நடத்துபவை. வீட்டில் பேசும் சைகை மட்டும் போதாது. வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் அது மாறும். இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. கேள்விச் சொல் கடைசியில் வரும், புருவமும் முகமும்கூட இலக்கணத்தில் சேர்த்தி. ஐஎஸ்எல்ஆர்டிசி 2018-இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது: நடுவில் நிற்பவர் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் மறைக்கக் கூடாது. அதை இந்தப் பெண் என் அறையிலேயே செய்து காட்டிவிட்டாள்.

செலவு விஷயத்தில் நான் கறார். முன்பணமாக வைத்திருக்கும் இரண்டு லட்சத்தைத் தாண்டாதீர்கள், பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். சேரப் போகும் நிறுவனத்துக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அனுமதி இந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள், ஏஜென்ட் சொல்வதைக் கேட்க வேண்டாம். முடித்ததும் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை என்றால் சான்றிதழ் வெறும் காகிதம்தான்.

நிரந்தரப் பணியிடம் இன்று குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். ஒப்பந்தம், மணிக்கணக்குக் கூலி என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். அதனால் டிப்ளமோ முடித்த கையோடு தொலைதூரக் கல்வியில் ஒரு பி.ஏ.வும் முடித்துவிட வேண்டும், போட்டித் தேர்வுகளுக்குப் பட்டம் கேட்பார்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் நானும் சிபாரிசு செய்ய மாட்டேன் என்று அந்தப் பெண்ணிடமே சொன்னேன். தலையாட்டினாள்.

"கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னாடி என்ன சார் போடுறது?" என்றார் சித்தப்பா. அவள் அதையும் சைகையில் சொன்னாள். அண்ணன் சிரித்துவிட்டு ஏதோ பதில் சொன்னான். என்னவென்று கேட்டேன்.

"பத்திரிகை என் பொறுப்பு, சித்தப்பா மொய் மட்டும் எழுதட்டும்னு சொல்றான் சார்."