ராணுவம் அச்சடிச்ச படமும் பொய்யா இருக்கலாம்

கேள்வி: ரோஹிங்கியா மக்களைப் பத்தி வாட்ஸ்அப்ல ஒருநாள் ஒரு மாதிரி வருது, மறுநாள் அப்படியே நேர்மாறா வருது. அரசாங்கம் சொல்றதை மட்டும் நம்புனா போதும்ங்கறார் எங்க மாமா. எதைத்தான் நம்புறது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ரோஹிங்கியாங்கறவங்க மியான்மர்ல இருக்கிற முஸ்லிம் சிறுபான்மை மக்கள். உங்க மாமா சொல்றது மியான்மர் விஷயத்துல செல்லாதும்மா. அந்த நாட்டு ராணுவமே 2018ல ஒரு புத்தகம் போட்டுச்சு, அதுல ரெண்டு பிணத்துக்குப் பக்கத்துல ஒருத்தர் நிக்கிற படத்தைப் போட்டு வங்காளிங்க (ரோஹிங்கியாக்களை ராணுவம் இப்படித்தான் சொல்லும்) உள்ளூர்க்காரங்களைக் கொன்னாங்கன்னு எழுதியிருந்தாங்க, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தோண்டிப் பாத்தா அது 1971 வங்கதேசப் போர்ல எடுத்த படம். எல்லை தாண்டி வர்றாங்கன்னு போட்ட இன்னொரு படம் ருவாண்டா அகதிங்க 1996ல தான்சானியாவுல நடந்து போறது! அப்புறம் ராணுவமே மன்னிப்பு கேட்டுச்சு.

சரி சென்சஸ் பாக்கலாம்னா, 2014ல கணக்கெடுக்க வந்தவங்க கிட்ட நாங்க ரோஹிங்கியான்னு சொன்ன வீட்டை எழுதாமலே அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க. ரோஹிங்கியாக்கள் வாழுற ரக்கைன் மாநிலத்துல சுமார் 10.9 லட்சம் பேரை உத்தேசமாத்தான் சேர்த்தாங்க.

அதனால யார் சொல்றாங்கங்கறதை விட, அது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு பாருங்க. ரக்கைன்ல இருக்கிற இன் தின் கிராமத்துல 10 ரோஹிங்கியா ஆண்களைக் கொன்னதை ராய்ட்டர்ஸ் எழுதுனப்ப, கொல்றதுக்கு முன்னாடி அவங்களை மண்டி போட வெச்சு எடுத்த படம் கையில இருந்துச்சு, குழி வெட்டுன பௌத்த கிராமத்து ஆளுங்களே வாயைத் திறந்து சொல்லியிருந்தாங்க, ராணுவமும் கொன்னதை ஒத்துக்கிச்சு. அதை விசாரிச்ச ரெண்டு நிருபர்களும் 500 நாளுக்கு மேல ஜெயில்ல இருந்தாங்க, அந்தக் கொலைக்காக 10 வருஷ தண்டனை வாங்குன சிப்பாய்ங்க ஒரு வருஷம் கூட முடியாம வெளிய வந்துட்டாங்க, நினைச்சாலே வயிறு எரியுது.

இன்னொண்ணு, தனக்குச் சாதகமில்லாததையும் எழுதுறாங்களான்னு பாக்கணும். ராணுவம் செஞ்ச கொடுமையைப் பக்கம் பக்கமா எழுதுன அம்னஸ்டிங்கிற மனித உரிமை அமைப்பு தான், அர்சாங்கிற ரோஹிங்கியா ஆயுதக்குழு 2017 ஆகஸ்ட்ல இந்துக்களைக் கொன்னதையும் 2018ல வெளியிட்டுச்சு. நாளைக்கே உங்களுக்கு வர்ற ஃபார்வர்டு அந்த இந்துக்கள் கொலையை மட்டும் சொல்லிட்டு, 2017 ஆகஸ்ட்லேர்ந்து 7 லட்சம் ரோஹிங்கியாக்களுக்கு மேல வங்கதேசத்துக்கு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுனதை மறைச்சிருந்தா, அது பாதிதான்னு தெரிஞ்சுக்கங்க. படம் வந்தா முதல்ல கூகுள் லென்ஸ்ல போடுங்க, பழைய படமா இருந்தா பெரும்பாலும் மாட்டிக்கும். இன் தின் ரிப்போர்ட் இணையத்துல இருக்கு, மாமாவையும் பக்கத்துல உக்கார வெச்சுப் படிங்க.